வாசகர் கேள்வி–பதில்: 2018 தீர்ப்புக்குப் பிறகு நடந்தது

கேள்வி: 2018இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, உயர் நீதிமன்றம்தான் இலங்கையின் ஜனநாயகத்தைக் காப்பாற்றியது என்கிறார்கள். நீதிமன்றம் உறுதியாக நின்றால் போதுமா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: போதாது. ஆயினும் அந்தத் தீர்ப்பின் பெறுமதியைக் குறைத்துவிடக் கூடாது. ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். மகிந்தவுக்குப் பெரும்பான்மை தேறாத நிலையில், நவம்பர் 9ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் ஜனாதிபதி சபையையே கலைத்தார். 2015இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 19ஆவது திருத்தமோ, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி, முதல் நான்கரை ஆண்டுகளுக்குள் சபையைக் கலைக்க முடியாது என்று வகுத்திருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தனர்.

நீதியரசர்கள் மட்டுமே நின்றிருந்தால் இது கைகூடியிராது. கலைப்புக்கு நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை கிடைத்த மறுநாளே சபை கூடி மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றியது. நவம்பர் 16ஆம் திகதி உறுப்பினர்கள் சிலர் மிளகாய்த்தூளை வீசியபோதும், சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்புடன் உள்ளே வந்து அதே பிரேரணைக்கு மீண்டும் வாக்கெடுப்பை நடத்தினார். அந்தத் துணிவை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

உங்கள் கேள்விக்கான உண்மையான விடை 2020இல் இருக்கிறது. வர்த்தமானியால் செய்ய முடியாததை, தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற ராஜபக்ச தரப்பு சபைக்குள்ளேயே செய்து முடித்தது. 20ஆவது திருத்தத்தின் சில பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் அவை மாற்றப்பட்டன. எஞ்சியவை ஒக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளால் சட்டமாயின. உயர் பதவிகளுக்கான நியமனங்களில் ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் கொண்டிருந்த அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில், அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு பேரவை அமர்ந்தது. கலைப்புக்கான நான்கரை ஆண்டு வரம்பும் இரண்டரையாகக் குறைந்தது. 2015இல் 19ஆவது திருத்தத்துக்கு வாக்களித்த பலர் இதற்கும் வாக்களித்தார்கள் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2022இல் மக்கள் வீதிக்கு வந்து ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை வெளியேற்றிய பின்னரே 21ஆவது திருத்தம் பிறந்தது. அரசியலமைப்புப் பேரவை அதன் வழியாக மீண்டது. 2018இல் சபையைக் காத்த நான்கரை ஆண்டு வரம்பு மட்டும் மீளவில்லை.