சென்னையில் இருந்தபடியே, குழி போடாமல், வரலாற்றுத் தொல்லியலில் கருத்தரங்கக் கட்டுரை எழுத முடியுமா?

கேள்வி கேட்டவர் எம்.ஏ. தொல்லியல் இரண்டாம் ஆண்டு மாணவர். அகழாய்வில் சேர வாய்ப்பில்லை, கையில் மூன்று மாதம் இருக்கிறது, 15 நிமிடம் பேச வேண்டும் என்கிறார்.

முடியும். முதலில் தலைப்பில் உள்ள சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் ‘வரலாற்றுத் தொல்லியல்’ என்றால் எழுத்துச் சான்று கிடைக்கத் தொடங்கிய காலம் முதல் எல்லாமும் அடங்கும். கீழடியும் அரிக்கமேடும் அதற்குள் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதே பெயர் பெரும்பாலும் 1500-க்குப் பிந்தைய காலனியக் காலத்தைக் குறிக்கும். நீங்கள் சங்க காலத்தைப் பற்றி எழுதிவிட்டு, முறையியலுக்கு வர்ஜீனியாவின் குடியேற்றங்களைப் பற்றிய கட்டுரையை மேற்கோள் காட்டினால் அவையில் முதல் கேள்வியே அங்குதான் விழும். எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சென்னையில் இருப்பவருக்கு இரண்டாவது பொருள்தான் லாபம். 1640-இல் எழுந்த ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும் அவர்களுடைய கல்லறைகளும் உள்ளன. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இன்னொரு டச்சுக் கோட்டை. பொருளும் எழுத்தும் ஒரே நாள் பயணத்தில் கிடைக்கிற இடங்கள் இவை. ‘சென்னையின் காலனியப் பண்பாடு’ போன்ற தலைப்பு வேண்டாம். ஒரு பொருள், ஓர் ஆவணம், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்ற அளவில் கேள்வியைச் சுருக்குங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைச் சுற்றித் தரையில் கல்லறைக் கற்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். பார்த்ததும் ‘யார் பக்கத்தில் யார் புதைக்கப்பட்டார்கள்’ என்று வரைபடம் போடக் கை துறுதுறுக்கும். போடக்கூடாது. அந்தக் கற்களில் பெரும்பாலானவை அங்கே இருந்தவை அல்ல. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய பழைய சட்டக் கல்லூரி வளாகப் பக்கம் இருந்தது. 1758–59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அங்கிருந்த சமாதிகளை மறைவாகப் பயன்படுத்திக்கொண்டது. முற்றுகை நீங்கிய பிறகு சமாதிகளை இடித்துவிட்டு, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். பழைய இடத்தில் இடிபடாமல் தப்பியவற்றுள் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸ், கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட் ஆகியோரின் கூர்கோபுரச் சமாதி.

ஆகவே இந்தக் கற்களை வைத்து இட அமைப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மொழி, எழுத்து வடிவம், குலச்சின்னம், கல் வகை, செதுக்கிய நேர்த்தி, ஆண்டு ஆகியவற்றைப் பற்றி நிறையச் சொல்லலாம். ‘இந்தப் பொருள் தன் இடத்தில்தான் இருக்கிறதா?’ என்ற கேள்வியைத் தாண்டாமல் எதையும் எழுதாதீர்கள்.

கல்லைப் படிக்க எண்ணெய் தடவுவது, சாக்பீஸ் தேய்ப்பது இரண்டும் கூடாது. எண்ணெய் கறையாக நிற்கும், அழுக்கைப் பிடிக்கும். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் நிழல் தானாகத் தெரியும். நிழலான இடமென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் படுக்கவைத்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். 10 செ.மீ. அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால், துறைக் கடிதமும் அனுமதியும் இல்லாமல் ட்ரைபாடுடன் போய் நிற்காதீர்கள்.

அடுத்த பொறி தேதி. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. கோட்டைப் பதிவில் ‘1680 பிப்ரவரி’ என்று இருந்தால் நம் கணக்கில் அது 1681. சில கற்களில் ‘1683/4’ என்று இரண்டையும் போட்டிருப்பார்கள், அது பிழையல்ல. பழவேற்காட்டு டச்சுக்காரரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் ஏற்கெனவே புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். அதனால் 17-ஆம் நூற்றாண்டில் 10 நாளும், 1700-க்குப் பின் 11 நாளும் வித்தியாசம் வரும். சென்னைப் பதிவையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கம் வைக்கும்போது இதைத் திருத்தாவிட்டால், பதில் கடிதம் கடிதத்துக்கு முன்னால் வந்து சேரும். பணக்கணக்குக்கும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்: பிற்காலக் கிழக்கிந்தியக் கும்பினிக் கணக்கில் 1 வராகன் 42 பணம், 1 பணம் 80 காசு.

தோண்டாமல் பானை ஓடு எங்கே கிடைக்கும்? பழவேற்காட்டுக் கரையில் பொறுக்கிப் பையில் போட்டு வருவதை விட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கை வைக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் வரும். மாணவர்கள் மறந்துபோகிற இடம் துறைக் கிடங்கு. பழைய அகழாய்வுகளின் ஓடுகள் எண்ணப்படாமல் மூட்டையில் கிடக்கும். பேராசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பையிலும் குழி எண், மண்ணடுக்கு, ஆழம் மூன்றும் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாத பையை வகைப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம், காலக்கணிப்புக்குக் கூடாது.

கடற்கரை ஓடுகளில் உப்பு ஊறியிருக்கும். கழுவி வெயிலில் காயவைத்தால் உப்பு பூத்து, வெள்ளைப் பூச்சுள்ள டச்சு மண்கலங்களின் பூச்சு உரிந்து விழும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் பயனில்லை, அதிலேயே உப்பு இருக்கும். சீனப் பீங்கானுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது நீர் உறிஞ்சாது. பிறகு வகை பிரித்து, எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதுங்கள். எண்ணிக்கை மட்டும் போட்டால் ஒரே தட்டு நாற்பது துண்டாக உடைந்து, நாற்பது தட்டு மாதிரித் தோற்றம் தரும். வாய்விளிம்பு முழு வட்டத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாக மிஞ்சியிருந்தால் விட்டம் அளக்க முயலாதீர்கள்.

புகையிலை பிடிக்கும் களிமண் புகைக்குழாயின் தண்டுகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். காலம் போகப் போகத் தண்டு நீண்டு, துளை சிறுத்தது. 1954-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் இதைக் கவனித்தார்; இன்னொரு அமெரிக்கத் தொல்லியலாளர் பின்ஃபோர்டு அதை வாய்ப்பாடாக்கினார்: ஆண்டு = 1931.85 − 38.26 × சராசரித் துளை. துளையை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காக அளக்க வேண்டும். துளைக்குள் டிரில் பிட்டை நுழைத்து அளக்கலாம். பாரிமுனைக் கடைகளில் மி.மீ. அளவு பிட்தான் சுலபமாகக் கிடைக்கும்: 1.6 மி.மீ. என்றால் 4/64, 2.0 என்றால் 5/64, 2.4 என்றால் 6/64, 2.8 என்றால் 7/64 என்று வைத்துக்கொள்ளலாம். பிட்டின் வழவழப்பான அடிப்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். முறுக்குப் பக்கம் துளையைச் சுரண்டி அளவைக் கெடுக்கும்.

24 தண்டு என்று வையுங்கள்: 5/64 பத்து, 6/64 பன்னிரண்டு, 7/64 இரண்டு. சராசரி 5.67. விடை ஏறத்தாழ 1715. ஐந்தாறு துண்டை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். 1780-க்குப் பிந்தைய தண்டுகளுக்கு இது உதவாது. முக்கியமாக, இது ஆங்கிலேயர் செய்த குழாய்களை வைத்து வந்த வாய்ப்பாடு; கௌடா போன்ற டச்சு ஊர்களில் செய்தவற்றுக்குப் பொருந்தாது. பழவேற்காட்டில் கிடைப்பவற்றுக்குப் போட்டுப் பார்த்து ஆண்டு வந்துவிட்டதே என்று மகிழ்ந்தால், எண் வந்திருக்கும், காலம் வந்திருக்காது.

19-ஆம் நூற்றாண்டு அடுக்குகளுக்கு வேலை இன்னும் எளிது. ஆங்கிலேயப் பீங்கானின் அடியில் வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் 1842–1883. ‘இங்கிலாந்து’ என்று நாட்டுப் பெயர் அச்சடித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பின். மங்களூர் ஓட்டுத் துண்டு ஓர் அடுக்கில் இருந்தால், பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய 1865-க்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. எலி வளை அந்த ஒரே துண்டைக் கீழே இறக்கியிருக்கிறதா என்பதை மட்டும் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு வருவோம். 15 நிமிடத்துக்குத் தமிழில் 1,200 சொல் போதும். அதில் இடத்தின் வரலாறு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பலர் பத்து நிமிடம் கோட்டையின் வரலாற்றையே சொல்லி, அட்டவணை வரும்போது மணி அடிக்கும். அட்டவணை ஒன்று, வரைபடம் ஒன்று, அளவுகோலுடன் படங்கள் ஐந்தாறு. பானை வரைபடத்தில் இடப்பக்கம் வெட்டுமுகம், வலப்பக்கம் வெளித்தோற்றம் என்று ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். வேறு நூலிலிருந்து படம் எடுத்தால் அங்கே பக்கம் மாறியிருக்கும், கவனித்துத் திருப்பிப் போடுங்கள்.

ஆவணக் காப்பகத்துக்கு முதல் வாரமே விண்ணப்பம் போடுங்கள். அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கோட்டையின் டைரி–ஆலோசனைக் குறிப்புகள் 1910 முதல் அச்சுத் தொகுதிகளாக வந்திருக்கின்றன, பல இணையத்தில் ஸ்கேனாகவும் கிடைக்கும். ஊர்ப் பெயரைத் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டால் ஒன்றும் அகப்படாது. பழவேற்காட்டுக்கு ‘புலிகாட்’, ‘பாலியகாட்டா’ இரண்டையும் போட்டுப் பாருங்கள்.