வைக்கோல், மரத்தூளிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்கிறார்களே, பிறகு ஏன் அது இன்னும் பெட்ரோல் பங்க்கில் பரவலாகக் கிடைப்பதில்லை?

ஆய்வகத்தில் இது எப்போதோ தீர்ந்த கணக்கு. ஆலை வாசலில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது என் கருத்து.

வைக்கோலோ மரமோ, உள்ளே பெரும்பாலும் இருப்பது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதலிரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். உடைத்து நொதிக்கவைத்தால் எத்தனால். ஆனால் லிக்னின் அவற்றை இறுகப் பிடித்திருக்கிறது. அதனால் முதலில் அழுத்த நீராவியிலோ நீர்த்த அமிலத்திலோ இளக்க வேண்டும், அப்புறம்தான் அந்தச் சங்கிலிகளை உடைக்கும் நொதி (என்சைம்) வேலை செய்யும். அந்த நொதியைத் தரும் டிரைகோடெர்மா ரீசை என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியை அரித்துத் தின்றது. எதிலிருந்து எது வருகிறது பாருங்கள்!

இன்னொரு வழி, காற்றில்லாமல் சட்டென்று சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவது. கிடைக்கும் கறுப்பு எண்ணெய் கச்சா எண்ணெய் மாதிரியே இருக்கும்; நம்பிவிடாதீர்கள். அமிலத்தன்மை அதிகம், தண்ணீரும் நிறைய, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன். ஹைட்ரஜன் கொடுத்து அந்த ஆக்ஸிஜனை நீக்கினால்தான் எஞ்சினுக்கு ஆகும். அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் 'தூய எரிபொருள்' என்ற பேச்சு பாதியாகிவிடும்.

இனி வாசலுக்கு வருவோம். வைக்கோல் கட்டு ஒரு கன மீட்டருக்கு 150 கிலோ தேறினால் நல்லது. அதே கன அளவு டீசலில் இருக்கும் ஆற்றல் அதைப்போல் சுமார் பதினைந்து மடங்கு. அதாவது லாரியில் பெரும்பாலும் காற்றைத்தான் ஏற்றி வருகிறோம். அறுவடை சில வாரங்கள், ஆலையோ வருஷம் முழுக்க ஓட வேண்டும். அதுவரை குவியல் நனையாமலும் தீப்பிடிக்காமலும் இருக்க வேண்டும். வயலில் வாரும்போது மண்ணும் கூடவே வரும். அதுவும் வைக்கோலில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து வெட்டுக் கத்தியையும் திருகு கன்வேயரையும் தேய்த்தே தீர்த்துவிடும். ஆய்வகத்துக்குப் போவது கழுவிப் பொடித்துச் சலித்த சாம்பிள். அங்கே இந்தத் தொல்லை தெரியாது.

அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளத் தட்டையை நம்பி 2014-ல் பொயட்-டிஎஸ்எம் ஆலையும் 2015-ல் டூபான்ட் ஆலையும் வந்தன. டூபான்ட் 2017-லேயே கைவிட்டது. மற்றதற்கு அந்த 'இளக்கும்' கட்டம் வசப்படவே 2017 ஆகிவிட்டது. 2019-ல் வணிக உற்பத்தியை நிறுத்தினார்கள்.

தட்டையை ஒட்ட வாரினால் மண்ணுக்கு மக்கும் பொருள் குறையும், அதுவும் கணக்கில் வர வேண்டும். எரிபொருளுக்காகவே வெட்டிய மரத்தைக் கழிவு என்று நான் சொல்லமாட்டேன்.

பணம் போடச் சொன்னால், கழிவு ஏற்கெனவே ஒரே இடத்தில் சேரும் தொழிலில் போடுவேன். பின்லாந்தின் லாப்பீன்ரான்டாவில் யூபிஎம் நிறுவனம் 2015 முதல் டீசல் எடுப்பது காகிதக்கூழ் தயாரிப்பில் மிஞ்சும் டால் ஆயில் என்ற மர எண்ணெயிலிருந்து. அங்கும் ஹைட்ரஜன் வேண்டும்தான், ஆனால் மூலப்பொருள் திரவமாகவே கிடைக்கிறது, கட்டும் மண்ணும் கிடையாது. ஒரே குறை, டால் ஆயில் கிடைப்பதே கொஞ்சம். சாலையில் ஓடும் அத்தனை வண்டிக்கும் அது காணாது.