மேட் வார்னிஷ் மேல் வெண்படலம்: கொட்டகையை உரிக்க வேண்டாம்

உங்கள் சிறிய மாதிரிச் சரக்குக் கொட்டகையின் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் மேல் வெண்படலம் படிந்துவிட்டது, பூச்சை உரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிக்க வேண்டாம். அதே மேட் வார்னிஷை இன்னொரு தடவை மெல்லியதாக அடியுங்கள். சரக்குக் கொட்டகைச் சுவரில் படிந்த வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும்.

வார்னிஷ் காய்ந்த பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த இந்திய மையை (கறுப்பு வரைமை) பூசியதாகச் சொல்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆல்கஹால் வார்னிஷை லேசாக அரித்துச் சொரசொரப்பாக்கும். அதில் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும்.

முதலில் பின்சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வையுங்கள். ஈரம் இருக்கும்வரை வெண்மை மறைந்தால், கோளாறு மேற்பரப்பில் மட்டும்தான்.

ஈரப்பதம் மிகுந்த நாளில் மட்டும் அடிக்காதீர்கள், வார்னிஷே வெளுத்துவிடும். பழசாகக் காட்டத் தடவும் துருநிறப் பொடி, வார்னிஷ் ஸ்பிரே பட்டால் மங்கும். அதைக் கடைசியில் தடவுங்கள்.

நானாக இருந்தால் அடிச்சுவரில் கொஞ்சம் வெண்மையை விட்டுவைப்பேன். 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) உப்புப் பூத்த செங்கல் போலவே இருக்கும்.