பேஸ் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலி காதைக் குத்தினால் என்ன செய்யலாம்?

சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் பேஸ் வாசித்தால் கம்பியில் விரல் உரசும் சத்தம் காதைக் குத்துகிறது, பெட்டியை மாற்றியமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆம்பை அணைத்து, ட்வீட்டரின் (உச்சத்தொனிக்கான சிறிய ஸ்பீக்கர்) ஒயரை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள். குத்தல் போய்விட்டதா? அப்படியானால் 8 ஓம் ட்வீட்டருக்கு 8 ஓம் எல்-பேட் (ட்வீட்டரின் ஒலியளவைக் குறைக்கும் குமிழ்) ஒன்றை சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் தேடி வாங்கி, கிராஸ்ஓவருக்கும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் சுற்று) ட்வீட்டருக்கும் நடுவே போடுங்கள். குமிழைத் திருகித் திருகி உங்கள் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெறும் பலகையென்றால் பின்சுவரிலும் பக்கங்களிலும் 2, 3 செ.மீ. தடிப்பில் பாலியஸ்டர் பஞ்சு ஒட்டுங்கள், உள்ளே எழும் எதிரொலி அடங்கும். காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், பெட்டியின் ட்யூனிங்கே மாறி அடித்தொனி மெலிந்துவிடும்.