விசுவாசி என்றால் ரிபப்ளிகன்தானா? ஹூஸ்டனுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, பாளையங்கோட்டையிலிருந்து கிரீன் கார்டில் வந்து சுகர்லேண்டில் மனைவியோடு குடியேறியிருக்கிறீர்கள். சபையில் ஒரு அண்ணன், "இந்த ஊரில் விசுவாசி என்றால் ரிபப்ளிகன்தான், டெமாக்ரட்டுக்குப் போடுகிறவன் வேதத்தை விட்டுக்கொடுத்தவன்" என்றாராம். அது சரியா, நானும் ஒரு கட்சியில் பதிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்டிசன் ஆகும்வரை நீங்கள் ஓட்டுப் போடக் கூடாது, வாக்காளராகப் பதியவும் கூடாது. லைசென்ஸ் எடுக்கப் போகும்போது அந்த விண்ணப்பத்திலேயே "வாக்காளராகப் பதிய விருப்பமா" என்று ஒரு கேள்வி இருக்கும். அவசரத்தில் "ஆம்" என்று குறித்துவிடாதீர்கள். பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது பதிந்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்று கேட்பார்கள். சிட்டிசன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். இதில் மட்டும் யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

கட்சியில் பதியும் பேச்சே டெக்சாஸில் கிடையாது. சிட்டிசன் ஆன பிறகு வாக்காளராகப் பதிவீர்கள், அவ்வளவுதான். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலில் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

இனி அந்த அண்ணன் சொன்னது. அவர் சும்மா சொல்லவில்லை. 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு டிரம்புக்குத்தான் போட்டார்கள். ஆனால் கறுப்பின புராட்டஸ்டண்ட் சபைகளைப் பாருங்கள். அதே வேதம், அதே ஞானஸ்நானம், ஞாயிற்றுக்கிழமை இங்கே நம்மைவிட நீண்ட ஆராதனை. அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் டெமாக்ரட். தேர்தல் சமயத்தில் ஆராதனை முடிந்ததும் சபை வாகனங்களிலேயே முன்கூட்டி ஓட்டுப் போடும் மையங்களுக்குப் போவார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கு 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை தென்மாநிலங்களில் ஓட்டே பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தது. அந்த உரிமைக்கான கூட்டங்கள் நடந்ததும் கோயில்களுக்குள்தான். அவர்களைப் பார்த்து வேதத்தை விட்டுக்கொடுத்தவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

இவாஞ்சலிக்கல் சபைகளும் ரிபப்ளிகன் கட்சியும் சேர்ந்த இந்தக் கூட்டணி ஆதிகாலத்துச் சமாச்சாரமும் இல்லை. இங்குள்ள மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் சபை 1971-இல் நிறைவேற்றிய தீர்மானம், சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு ஆதரவாகவே இருந்தது. 1976-இல் "நான் மறுபடியும் பிறந்தவன்" என்று வெளிப்படையாகச் சொல்லி ஜெயித்த ஜிம்மி கார்ட்டர் டெமாக்ரட். ஞாயிறு பள்ளி ஆசிரியர், தொண்ணூறு வயதைத் தாண்டியும் சொந்த ஊர்ச் சபையில் பாடம் நடத்தியவர். 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர், கிறிஸ்தவர்களை அரசியலில் திரட்ட "மாரல் மெஜாரிட்டி" அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருடமே அந்தக் கூட்டம் கார்ட்டரைக் கைவிட்டு ரிபப்ளிகன் வேட்பாளர் ரீகன் பக்கம் போனது. ஆக, ஒரு தலைமுறையில் கட்டப்பட்ட உறவு இது. கருக்கலைப்பை உயிர்ப் பிரச்சினையாக நினைத்து மனசாட்சியோடு ரிபப்ளிகனுக்குப் போடுகிறவர்களை நான் மதிக்கிறேன். அதற்காக அதை விசுவாசப் பிரமாணத்தில் சேர்ப்பது தவறு.

நமக்கு இந்தப் பேச்சு ஏன் உடனே பிடித்துப்போகிறது என்பதையும் யோசித்திருக்கிறேன். ஊரில் நாம் சிறுபான்மை. யார் வந்தால் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தொந்தரவு வராது என்று பார்த்து, சபைப் போதகரான ஐயர் ஜாடையாகச் சொல்வதைப் புரிந்துகொண்டு ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள். அதில் நியாயம் இருந்தது. இங்கே கிறிஸ்தவர்கள்தான் பெரும்பான்மை. இங்கே சபை மொத்தமாக ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தால், அதன் பாரம் பக்கத்துத் தெருவில் இருக்கும் முஸ்லிம் மீதும், நம் இந்து நண்பர்கள் மீதும் விழும். 1960-இல் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜான் கென்னடி இதே ஹூஸ்டனுக்கு வந்து புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னால் நின்று, தான் கத்தோலிக்கன் என்பதால் போப் சொல்வதை ஆட்சியில் செய்யமாட்டேன் என்று விளக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவனையே கிறிஸ்தவர்கள் சந்தேகப்பட்ட ஊர் இது.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் 2020 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மூப்பர் ஜெபிக்கும்போது வேட்பாளர் பெயரைச் சொல்லி, "இவரைத் தோற்கடிக்கப் பார்க்கும் அந்தகார சக்திகளைக் கட்டுகிறோம்" என்றார். கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா அந்த வாரம்தான் மறுகட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தார். கோவிட் வார்டில் இரவு வேலை பார்த்துவிட்டு நேராக ஜெபத்துக்கு வந்திருந்தவர். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலில் அணி பிரிந்து, ஒரே பெஞ்சில் உட்காரும் குடும்பங்கள் பேச்சை நிறுத்துவதை நெல்லையில் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பாஸ்டர் மேடையில் இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லலாமா என்றால், வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. கொண்டுவந்தவர் அப்போது டெக்சாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். ஆனால் 2025 ஜூலையில் வருமான வரித்துறையே, ஆராதனையில் சொந்தச் சபையாரிடம் பேசுவது அதில் அடங்காது என்று ஒரு வழக்கில் எழுதிக் கொடுத்தது. அதனால் இனி இந்தப் பேச்சு கூடத்தான் செய்யும். அந்த அண்ணனிடம் வாதம் செய்யாதீர்கள். "எனக்கு இன்னும் ஓட்டு இல்லை அண்ணா, எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் பவுல் கட்சி பார்க்கச் சொல்லவில்லை.

அப்புறம், உங்கள் மனைவி சிட்டிசன், அவருக்கு ஓட்டு இருக்கிறதே. நம் ஊர் மாதிரி ஒரு சின்னத்தைப் பார்த்து அழுத்திவிட்டு வரும் வேலை இல்லை இது. ஜனாதிபதியில் ஆரம்பித்து நீதிபதிகள், ஷெரிஃப், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கமிஷனர் என்று ஓட்டுச்சீட்டு நீண்டுகொண்டே போகும். முன்பு ஒரே தட்டில் கட்சிக்கு மொத்தமாகப் போடும் வசதி இருந்தது, டெக்சாஸில் 2020-லிருந்து அது இல்லை. ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான் போட வேண்டும். உள்ளே செல்போன் பயன்படுத்த முடியாது, தாளில் எழுதிக்கொண்டு போகலாம். மாதிரி ஓட்டுச்சீட்டைக் கவுண்டி தளத்திலிருந்து எடுத்து, இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெயர் பெயராகப் படியுங்கள். குறிப்பாகப் பள்ளி வாரியத் தேர்தலை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பள்ளியின் பணம் எங்கே போகும், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். அந்தத் தேர்தலுக்கு வருகிற கூட்டமும் ரொம்பக் குறைவு.