ஆவடியில் சித்தி வீடா, சோழிங்கநல்லூரில் விடுதியா?

கேள்வி: மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். எட்டாம் செமஸ்டருக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும். அவள் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். என் தங்கை ஆவடியில் குடியிருக்கிறாள், அங்கேயே நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் விடுதிதான் வேண்டும் என்கிறாள். களியக்காவிளை தாண்டித் தனியாகப் போகாத பிள்ளை. என்ன செய்யட்டும்? குழித்துறை அருகிலிருந்து ஒரு தாய்.

பதில்: அம்மா, ஆவடி வேண்டாம். உங்கள் தங்கை மேல் குறை சொல்லவில்லை, தூரம் அப்படி. ஆவடி சென்னையின் மேற்குக் கோடி. சோழிங்கநல்லூர் தென்கிழக்கில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வர வேண்டும். அங்கிருந்து நடந்து பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவான்மியூரில் இறங்கி, மறுபடி பஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்த் திரும்புகிற மாதிரி. மாதம் 20 வேலைநாள் என்றால் 80 மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதவும் வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கவும் அவளுக்கு இருப்பது அந்த நேரம்தான். சித்தி வீடு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். உடம்புக்கு முடியாமல் போனால் ஓடிப் போக ஓர் இடம் இருப்பதும் பெரிய பலம்.

உங்கள் மகள் சென்னையில் குடியேறப் போகவில்லை. நான்கு, நான்கரை மாதம் ஒரு வேலையை முடித்துத் திரும்பப் போகிறாள். தங்குமிடம், அட்வான்ஸ், டிக்கெட், பெட்டியில் வைக்கும் சாமான் என எதைத் தீர்மானிக்கும்போதும் இந்தக் கால அளவை மனதில் வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அட்வான்ஸ் மொத்தமாகக் கட்டி, பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஏப்ரலில் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாமல் அலைகிறார்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வீடு எடுக்கும் யோசனை வந்தாலும், இந்தக் காரணத்துக்காகவே விட்டுவிடுங்கள்.

தங்குமிடம் தேடுமுன் கம்பெனியிடம் மெயிலில் ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: தினமும் வந்து சேர வேண்டிய சரியான முகவரி. ஒரே கம்பெனிக்கு சோழிங்கநல்லூரிலும் அம்பத்தூரிலும் கிளை இருக்கும். நேர்காணல் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் நடக்கும். அதே மெயிலில் வேலை நேரம், வாரத்தில் எத்தனை நாள், ஸ்டைபண்ட் என்கிற பயிற்சிக்கால உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், இரவு ஷிஃப்ட் உண்டா, உண்டென்றால் கேப் வருமா என்பதையும் கேட்கட்டும். சேர்வதற்குப் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டாலோ, மார்க் ஷீட் ஒரிஜினலை ஒப்படைக்கச் சொன்னாலோ அந்த இடமே வேண்டாம். பதிவு பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முகவரி கையில் வந்ததும், அலுவலக வாசலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் பி.ஜி. விடுதி தேடுங்கள். அதுவும் சாலையின் அதே பக்கத்தில். அந்தச் சாலை மிக அகலம், மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகளும் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விடுதிக்குப் போக, ஆட்டோ யூ-டர்ன் தேடி எங்கேயோ போய்த் திரும்பும். காலையில் நடந்து கடப்பதும் பெரும்பாடு. வாடகை ஆயிரம் ரூபாய் கூடினாலும் நடந்து போகிற தூரமே லாபம்.

விடுதியைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகப் போய், காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் நேரில் பாருங்கள். மதியம் போனால் எல்லா விடுதியும் நன்றாகத்தான் தெரியும். எல்லாரும் குளிக்கும் நேரத்தில் மேல் மாடிக் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வேகமாக வருகிறதா, நூல் மாதிரி ஒழுகுகிறதா என்று. ஒரு வாய் வைத்துப் பாருங்கள், உப்பு தெரியும். அந்தப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புதான், குடிக்க 20 லிட்டர் கேன். கேன் தண்ணீர் வாடகையில் அடக்கமா, தனிக் காசா என்று கேளுங்கள். நம் குழித்துறைத் தாமிரபரணித் தண்ணீரில் குளித்த முடி முதல் மாதம் கொட்டலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு கப் கேன் தண்ணீரில் தலையை அலசினால் போதும். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா, அலமாரிக்குத் தனிப் பூட்டு உண்டா, ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரிடம், வார்டன் இல்லாத நேரமாகப் பார்த்து, "சாப்பாடு எப்படி மக்கா, அட்வான்ஸ் திருப்பித் தருவாங்களா?" என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும்.

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். "லைசென்ஸ் காட்டுங்க" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முறையாக நடத்துகிறவர்கள் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கேட்டதும் முகம் மாறினால் அடுத்த விடுதிக்கு நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது பணம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கட்ட வேண்டாம். ரசீதில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: அட்வான்ஸ் தொகை, காலி செய்யும்போது பராமரிப்புக்கு என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும். சில இடங்களில் இரண்டு மாத நோட்டீஸ் என்பார்கள். நாலு மாதம் தங்கப் போகிற பிள்ளைக்கு அது பொறி. பாதிக் காலம் முடியும்போதே காலி செய்வதாகச் சொல்லியாக வேண்டும், மறந்தால் அட்வான்ஸ் போயிற்று. ஒரு மாத நோட்டீஸ் உள்ள இடமாகப் பாருங்கள்.

மூன்று பேர் பகிரும் அறை, சாப்பாட்டோடு 8,000 ரூபாய் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அட்வான்ஸ் 8,000, போக்குவரத்து 1,000, வெளிச்சாப்பாடு, சோப்பு, மருந்து 3,000, வாளி, மெத்தை விரிப்பு வகையறா 1,500, கைக்காவல் 3,500. முதல் மாதத்துக்கு 25,000. பெரும்பாலும் ஸ்டைபண்ட் மாதம் முடிந்த பிறகுதான் வரும். வங்கி விவரம் பதிவாகத் தாமதமானால் இரண்டாம் மாதத்தோடு சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே அடுத்த மாத வாடகையையும் அவள் கணக்கில் போட்டு வையுங்கள். வளைகுடாவிலிருந்து அப்பா அனுப்பும் பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும், அங்கிருந்து மாதம் ஒரு முறை மகளுக்குப் போகட்டும். கேட்கும்போதெல்லாம் ஆயிரம், ஐந்நூறு என்று அனுப்பினால் எதற்குப் போனது என்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நகரப் பேருந்தில் வெள்ளைப் பலகை சாதாரண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அலுவலக அவசரத்தில் வந்த வண்டியில் ஏற வேண்டியிருக்கும். நடக்கும் தூரத்தில் விடுதி கிடைக்காவிட்டால், எம்.டி.சி. என்கிற மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1,000 ரூபாய் மாதாந்திரப் பாஸ் எடுத்துவிடலாம். ஏ.சி. வண்டிகளுக்கு அது செல்லாது.

பயணத்தில் கவனம் வேண்டியது இறங்கும் இடம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ, குழித்துறையிலேயே ஏறுவதானால் அனந்தபுரி எக்ஸ்பிரஸோ பிடித்தால், எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பக்கம். பஸ்ஸில் போனால் நம் ஊர் வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. கிளாம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர் பக்கம் இருக்கிறது. கேளம்பாக்கம் வேறு, அது பழைய மகாபலிபுரம் சாலையில். ஆட்டோ, கேப் புக் செய்யும்போது எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். விடுதியின் இருப்பிடத்தை மேப்பில் முன்னதாகவே சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

இனி மகளுக்கு. மகளே, கம்பெனியில் சேர்ந்ததும் கல்லூரி முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்புக்கு 10 கிரெடிட். அதன் ரிவ்யூக்கள் உன் கல்லூரியில்தான் நடக்கும், சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர் தூரத்தில். கிளம்பும் முன் துறைத்தலைவரிடம் ரிவ்யூ தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள். எதற்கெல்லாம் நேரில் வர வேண்டும், எதை ஆன்லைனில் முடிக்கலாம் என்றும் கேள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். நம் பக்கம் வரும் வண்டிகளில் பொங்கலுக்கும் ஈஸ்டருக்கும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தட்கலை நம்புவதானால் முந்தின நாள் ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், அதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போ. மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடைக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, சென்னை அலுவலகத்துக்கு அது சாதாரண வேலைநாள். அதற்கு லீவு எடுத்துவிட்டு ரிவ்யூவுக்கு லீவு இல்லாமல் நிற்காதே.

இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் ஏப்ரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. கம்பெனியில் செய்த வேலையை ரிப்போர்ட்டில் எழுதலாமா என்ற அனுமதி. கோட், ஸ்கிரீன்ஷாட், வாடிக்கையாளர் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சேரும் நாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கல்லூரி கைடு அதையெல்லாம் கேட்பார். அப்போது கம்பெனியில் கெஞ்சினாலும் நடக்காது. முதல் வாரமே உன் டீம் லீடிடம், "கல்லூரி ரிப்போர்ட்டில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?" என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்கு. எதையும் காட்ட முடியாது என்றால், அதே நுட்பத்தை வைத்துச் சொந்தமாகச் சிறிய ப்ராஜெக்ட் ஒன்றை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடு. வருகைச் சான்றும் மாதா மாதம் லெட்டர்ஹெட்டில் வாங்கிக் கைடுக்கு அனுப்பு. கடைசியில் மொத்தமாகக் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டிய ஹெச்.ஆர். வேலை மாறிப் போயிருப்பார்.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீ மலையாளியா?" என்று முதல் நாளே கேட்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டு, "வெள்ளம் எங்க இருக்கு?" என்றால் மழை வெள்ளத்தைத் தேடுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து மீட்டிங்கில் வாயே திறக்காமல் இருந்துவிடும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. திறமை இருந்தும் வேலை உறுதியாகாமல் போவதற்கு இது ஒரு காரணம். பேச்சை மாற்ற வேண்டாம், வேகத்தை மட்டும் குறை. நம் தமிழ், 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும் முன்பே, திருவிதாங்கூர் ஆட்சியிலும் தமிழாகவே நின்ற தமிழ்.

அலுவலகத்தில் யாராவது தவறாக நடந்தால் பயிற்சிக்கு வந்தவள்தானே என்று ஒதுங்க வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்களை முதல் வாரமே தெரிந்து வை. வெளியில் அவசரம் என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181, பணம் ஏமாந்தால் உடனே 1930.

அம்மா, உங்களுக்கும் கொஞ்சம். வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள். எடுக்கவில்லை என்றால் உங்களுக்குப் பதற்றம், எடுத்தால் அவளுக்குச் சங்கடம். இரவு ஒன்பது மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டன், அறைத்தோழி ஒருத்தி, உங்கள் தங்கை மூன்று பேர் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். மகள் எடுக்காவிட்டால் அரை மணி நேரம் பொறுத்து அறைத்தோழியைக் கூப்பிடுங்கள். பெட்டியை நிரப்பாதீர்கள். வீட்டுச் சம்பா அரிசிச் சோறும் தேங்காயெண்ணெய் மணமும் அங்கே கிடைக்காதுதான், ஆனால் விடுதியில் சமைக்க விடமாட்டார்கள். ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் போதும், அறைத்தோழிகளோடு சேர்ந்து தின்னுமளவு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து வையுங்கள், முதல் வாரம் தண்ணீர் மாறி வயிறு கெடலாம்.

காலி செய்யும் தேதியிலிருந்து ஒரு மாதம் பின்னோக்கி எண்ணி, அந்த நாளில் விடுதிக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனிச் சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காமல் இரண்டு வாரம் முன்பே மாதிரி வாங்கிப் பார்க்கட்டும். பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலாகவும் ஓரிடத்தில் முழுசாகவும் கிடப்பதால் தப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான். திருத்தம் இருந்தால் ஹெச்.ஆர். மேசைக்கு முன்னால் நின்றே முடித்துவிட்டு வண்டி ஏறட்டும்.