ஓய்வதும் ஓய்வெடுப்பதும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது ஒரு சொந்தக் குழப்பத்தால் எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. வாரத்துக்கு 58 மணி நேரம் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். இரண்டு குழந்தைகள். இறைநம்பிக்கை உண்டு. மலையேறுவதும் காட்டுப்பாதையில் நடப்பதும் கல்லூரிக் காலத்திலிருந்தே பிடிக்கும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக வாரத்தின் 168 மணி நேரத்தையும் பிரித்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். சிவப்பு வேலைக்கு, நீலம் ஓய்வுக்கு, மஞ்சள் பிரார்த்தனைக்கு, பச்சை வெளியே நடப்பதற்கு. ஓய்வை நாளுக்கு ஆறு முறை, இருபது இருபது நிமிடமாக வைத்திருக்கிறேன். வாரத்துக்கு 14 மணி நேரம் சேர்கிறது. காலை நடையின்போது பிரார்த்தனை ஒலிப்பதிவைக் கேட்கிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தால் நடை முடிவதற்குள் அதுவும் முடிந்துவிடும். தினமும் பத்தாயிரம் அடி தவறுவதில்லை.

இருந்தும் களைப்பு தீரவில்லை. சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்வு வந்துவிடுகிறது. நடையையும் பிரார்த்தனையையும் சேர்த்துச் செய்வது தவறா? இருபது நிமிடப் பிரார்த்தனை போதுமா? இந்த நான்கையும் சமமாக வைத்துக்கொள்ள வேறு நல்ல முறை உண்டா? அட்டவணையை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அட்டவணையைப் பெரிதாக்கி மூன்று முறை பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அப்பாவின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். அவர் நினைவாகவே இருந்த நாளில் இந்தக் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் உங்கள் கேள்விகள். இருபது நிமிடம் போதுமா என்பது உங்களுக்கும் உங்கள் கடவுளுக்கும் இடையிலான விஷயம். அதில் நான் நுழைய முடியாது. நடந்துகொண்டே பிரார்த்திக்கலாமா என்றால், தாராளமாகச் செய்யுங்கள். காலம் காலமாக மனிதர்கள் கால்நடையாக யாத்திரை போயிருக்கிறார்கள். நடையும் வழிபாடும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு வேகம் எதற்கு? அதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கடவுளிடம் பேசுவதில் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தைக் கொண்டுபோய் எங்கே செலவு செய்யப் போகிறீர்கள்? உங்கள் குழந்தை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்தால், சீக்கிரம் சொல்லி முடி, நடை முடியப் போகிறது என்பீர்களா? இன்றைக்கே நிறுத்துங்கள். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை.

பத்தாயிரம் அடி விஷயத்தில் இவ்வளவு பயபக்தி வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படித்தான் புகழ்பெற்றது. மருத்துவ ஆய்வுகள் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியவை. 2019இல் வயதான பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் நடப்பதால் ஆயுளுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. நடங்கள், நல்லதுதான். 9,800 அடியோடு வீடு திரும்பிய நாளில் வாசலிலேயே இன்னும் இருநூறு அடி சுற்றுவதாக அட்டவணையின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

வேலை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. நீங்கள் 58இல் இருக்கிறீர்கள். குறைக்க முடிந்தால் குறையுங்கள். முடியாத நிலை என்றால், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்தியது அந்த நீல நிறம். நாளுக்கு ஆறு துண்டு, வாரத்துக்கு நாற்பத்திரண்டு துண்டு. கூட்டினால் 14 மணி நேரம் வருகிறதே, பிறகும் ஏன் களைப்பு என்கிறீர்கள். ஓய்வைக் கூட்டிப் பார்க்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மழை ஓய்ந்தது என்கிறோம். காற்று ஓய்ந்தது, அழுகை ஓய்ந்தது, சந்தை இரைச்சல் ஓய்ந்தது என்கிறோம். மழை ஓய்வெடுத்தது என்று யாரும் சொல்வதில்லை. மனிதன் மட்டும்தான் ஓய்வை ‘எடுக்கிறான்’. மாத்திரை எடுப்பது போல, வேளைக்கு ஒன்று. ஓய்தல் என்றால் நிற்பது. அடுத்த சுற்றுக்காக மூச்சு வாங்கிக்கொள்வதற்கு அந்தப் பெயர் இல்லை. ஏழாம் நாள் ஓய்வைக் கட்டளையாகவே வைத்த யூத மரபில் அந்த நாளின் பெயர் ஷபாத். அந்த எபிரேயச் சொல்லின் வேருக்கும் நிறுத்துவது, ஓய்வது என்றுதான் பொருள். கட்டளை தனி ஆளுக்குச் சொல்லப்பட்டதும் அல்ல. மகன், மகள், வேலையாள், கால்நடை, வெளியிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியன் வரை எல்லோரையும் சேர்த்தே சொல்கிறது. மாட்டுக்கும் அதே நாள்தான் ஓய்வு.

என் அப்பா தையற்காரர். விடுமுறை நாளுக்கு முந்தின இரவு மெஷின் சக்கரத்திலிருந்து தோல் வாரைக் கழற்றித் தொங்க விட்டுவிடுவார். ஊசியையும் கழற்றித் துணி உருண்டையில் குத்தி வைப்பார். வாரை மறுபடி மாட்ட ஒரு நிமிடம் போதும். ஆனாலும் மறுநாள் யாராவது ரவிக்கையோடு வந்து, ஒரே ஒரு தையல்தான், பிரிந்துவிட்டது என்று நின்றால், தொங்கும் வாரைக் கையால் காட்டுவார். நாளைக்கு என்பார். கோபித்துக்கொண்டு வேறு தையற்காரரிடம் போனவர்கள் உண்டு. அந்தப் பணம் எங்கள் வீட்டுக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அன்று மாலை என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார். கரையில் உட்கார்ந்த பிறகும் அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். குதிகாலை ஊன்றி, முன்பாதம் ஏறி இறங்கும். ஆறு நாள் மெஷினை மிதித்த கால் அல்லவா? அவருக்கு அது தெரியவே தெரியாது. செருப்புக்குக் கீழே மண் தேய்ந்து சிறு குழியாகிவிடும். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். தண்ணீரின் நிறம் மாறும். கொக்குகள் ஒவ்வொன்றாக எதிர்க்கரை மரத்துக்குத் திரும்பும். எப்போது என்று சொல்ல முடியாத ஒரு கணத்தில் கால் நின்றிருக்கும். அதற்குப் பிறகுதான் அப்பா பேசுவார். தன் அம்மாவைப் பற்றி, வெட்டக் கற்றுக்கொண்ட முதல் சட்டையைப் பற்றி, கடவுளைப் பற்றி. எனக்கு எது வேண்டுமென்றாலும் கால் நின்ற பிறகுதான் கேட்பேன். வீட்டில் வேறு யாருக்கும் அந்த ரகசியம் தெரியாது.

உங்கள் இருபது நிமிடத்தில் அந்தக் கால் நின்றிருக்குமா? ஆறு முறை உட்கார்ந்து ஆறு முறையும் மிதித்துக்கொண்டே எழுந்து போகிறீர்கள். களைப்பு எப்படித் தீரும்?

அது வெளியே நடந்ததற்கும் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் முடிக்காத வேலை ஒன்று கண்ணில் படும். ஏரியில் நாம் முடிக்க வேண்டியது எதுவும் இல்லை. பொழுது என்ற சொல் நம் மொழியில் சூரியனையும் குறிக்கிறது, நேரத்தையும் குறிக்கிறது. கரையில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாகச் சாய்வதைக் காணலாம். மலையும் காடும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் அங்கேயும் காதை அடைத்துக்கொண்டு போகிறீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் நான்கு நிறங்களைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். 1929இல் சோவியத் ஒன்றியத்தில் ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். அவரவர் நிறம் வரும் நாளில் அவரவருக்கு விடுமுறை. மற்றவர்கள் வேலையில் இருப்பார்கள். எந்திரங்கள் ஒரு நாளும் நிற்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் பார்த்தால் தொழிலாளிக்கு லாபம். ஏழு நாளுக்கு ஒன்றாக இருந்த விடுமுறை ஐந்து நாளுக்கு ஒன்றானது. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறொரு நிறம். நண்பனுக்கு மூன்றாவது நிறம். எல்லோரும் சேர்ந்து வழிபடும் நாளும் கரைந்துபோனது. ஆட்சியாளர்கள் விரும்பியதும் அதைத்தான். மக்கள் முணுமுணுத்தார்கள். ஆளில்லாத வீட்டில் தனியாகக் கழிக்கும் நாளை யார் விடுமுறை என்பார்கள்? 1931இல் எல்லோருக்கும் பொதுவான விடுமுறை நாளோடு ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் பழைய ஏழு நாள் வாரமே திரும்பியது. புரட்சிக் கால பிரான்சும் 1793இல் பத்து நாள் வாரம் கண்டு, 1806 தொடக்கத்தில் அந்த நாட்காட்டியையே கைவிட்டது.

இதை நான் நூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வார விடுமுறை சுழற்சி முறையில் வரும். இந்த வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன். ஒரு வாரம்கூட விடுமுறை பறிபோனதில்லை, எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. மனைவி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருப்பேன். பகல் முழுக்கத் தூங்குவேன். எழுந்தால் தலை கனக்கும். அப்பா அப்போது தொழிலை விட்டிருந்தார். தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். ‘இன்றைக்கு உனக்கு விடுமுறையா?’ என்பார். இல்லை, நாளை மறுநாள் என்பேன். நாளை மறுநாள் வரும்போது அவருக்கு முடியாமல் இருக்கும், அல்லது எனக்குத் தூக்கம் விட்டிருக்காது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவரோடு ஏரிக்கரையில் உட்கார்ந்தது அந்தப் பதினோரு ஆண்டுகளில் பத்துத் தடவைகூட இருக்காது. அந்தக் கால் கடைசிவரை மிதித்துக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, தொழிற்சாலைகளுக்காக வார ஓய்வு பற்றிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஏழு நாளுக்கு ஒரு முறை தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. தொடர்ச்சியாக என்ற சொல்லைக் கவனியுங்கள். இயன்றவரை ஒரு நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். இயன்றவரை அந்தந்த நாட்டின் மரபிலும் வழக்கத்திலும் உள்ள ஓய்வு நாளோடு பொருந்தும்படி அமைக்க வேண்டும். துண்டாக்காதே, தனித்தனியாகப் பிரிக்காதே, மக்கள் ஏற்கெனவே கூடும் நாளைக் கலைக்காதே என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். ஓய்வு, வழிபாடு, வெளியில் உலாவுவது என்று நீங்கள் மூன்று நிறமாக வெட்டியதெல்லாம் அங்கே ஒரே நாளுக்குள் இருக்கிறது. என் அப்பாவுக்கும் அப்படித்தான். ஏரிக்கரையில் அவர் செய்தது பிரார்த்தனையா, ஓய்வா, உலாவலா என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

உங்கள் அட்டவணையில் 168 கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட உங்கள் மனைவியின் பெயர் இல்லை. குழந்தைகளின் பெயர் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அவருக்கு எந்த நாள் விடுமுறை என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

நான்கையும் சமமாக வைத்துக்கொள்ளும் முறை என்னிடம் இல்லை. நீலக் கட்டங்களில் பாதியை அழித்துவிடுங்கள். அந்த ஏழு மணி நேரத்தை ஒரே நாளில், ஒரே இடத்தில், வீட்டார் எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். முந்தின இரவே போனை அணைத்து, எழுந்து போய் எடுக்கச் சோம்பலாக இருக்கும் இடத்தில் வையுங்கள். வெளியே போங்கள், மலையாக இருக்க வேண்டியதில்லை. அடி எண்ணும் கருவியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்வு வருகிறது என்றீர்களே, நிச்சயம் வரும். முதல் ஒரு மணி நேரம் உங்கள் காலும் மிதித்துக்கொண்டேதான் இருக்கும். பயந்து எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருத்திய அட்டவணையை எனக்கு அனுப்ப வேண்டாம். மனைவியிடம் எந்த நாள் என்று கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.